பதினோராவது நகர்வில் ஒரு திருத்தம்

ஜனவரி 4

அன்புள்ள குருவிக்கு,

நேற்று மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, உன் அண்ணியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, ஒரு முடிவெடுத்தேன். இனி என் வாழ்நாளில் சதுரங்க ஆட்டத்தை ஓரச் சிப்பாயை நகர்த்தித் தொடங்குவதில்லை. முப்பத்தேழு ஆண்டுகளாக யானைக்கு முன்னால் நிற்கும் அந்தச் சிப்பாயைத்தான் முதலில் ஒரு கட்டம் நகர்த்திவந்திருக்கிறேன். நல்லதோ கெட்டதோ, அது ஒரு கொள்கை. கொள்கையைக் கைவிடும்போது நாலு பேருக்குச் சொல்லிவிட்டுச் செய்வது முறை. உன் அண்ணி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப குக்கரை இறக்கட்டுமா?" என்றாள்.

இங்கு இருவரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படி பற்றித் தனிக் கருத்து வைத்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு இரத்த அழுத்தம் இறங்கியதா?

காரணத்தைச் சொல்கிறேன். வாசகசாலையின் பின்னறையில் ஞாயிறுதோறும் ஆடுகிறோம் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அங்கே ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். நான் ஓரச் சிப்பாயைத் தொட்டதும், "என்ன சார், இன்னிக்கும் அவனேதானா? பாவம், அவனுக்கு லீவே கிடையாதா?" என்கிறார். பிறகு என் குதிரையை எடுக்கும்போது, "வலிச்சா கையைத் தூக்குங்க" என்கிறார். இப்படி ஏழு ஞாயிறு.

ஆகவே தொடக்க ஆட்டத்தை முறையாகக் கற்பது என்று தீர்மானித்து அப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். நீ ஆடும்போதே நகர்வுகளைக் குறித்துவைத்த தாள் கிடைத்தது. அந்தப் போட்டியின் மூன்றாவது சுற்று, நீ வெள்ளை, இருபத்தாறு நகர்வில் வெற்றி. உனக்குப் பதினேழு வயது. எழுத்து இப்போதைவிட அழகாக இருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் பெரிய மனிதர்களின் ஆட்டங்களைவிட எனக்கு இதுதான் புரியும் என்று படுகிறது. முதல் பன்னிரண்டு நகர்வுகளை எதற்காகச் செய்தாய் என்று நேரம் கிடைக்கும்போது எழுது. தொலைபேசி வேண்டாம். மாப்பிள்ளை எடுத்து, நலமா என்று கேட்டு, மழையா என்று கேட்டு, வைத்துவிடுகிறார்.

எல்லோருக்கும் என் அன்பு.

உன் அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அவருக்கு அழுத்தம் இறங்கியது, குரல்தான் ஏறியிருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அண்ணியைக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். மருத்துவமனையில் காது பரிசோதனை அறைக்கு வெள்ளையடித்தார்கள். இரண்டு வாரமாக நடைபாதையில் உட்கார்ந்து, யாருக்குக் காது கேட்கவில்லை என்று தெருவே கேட்கும்படி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாள் இன்னும் இருக்கும் என்று நினைக்கவில்லை. சதுரங்கப் பலகையைத் தொட்டே முப்பத்துநான்கு வருடம் ஆகிறது. நினைவில் இருப்பதை எழுதுகிறேன்.

நகர்வுகளை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்களைத் தெரியும், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன். ஓர் அட்டையை வைத்துத் தாளை மூடுங்கள். ஒரு வரி மட்டும் திறந்து, அடுத்ததாக நீங்கள் என்ன ஆடுவீர்கள் என்று யோசித்து எழுதிவையுங்கள். பிறகு திறந்து பாருங்கள். நான் வேறு ஆடியிருந்தால், ஏன் என்று கேளுங்கள். பதில் கிடைக்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

முதல் நகர்வில் ராஜாவின் சிப்பாய் நடுவுக்கு வந்து இடம் பிடிக்கிறது. இரண்டாவதில் குதிரை வெளியே வந்து, எதிரியின் நடுச் சிப்பாயை மிரட்டுகிறது. மூன்றாவதில் மந்திரி வருகிறான், எதிரி ராஜாவின் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதற்காக. மூன்றுமே வீட்டைவிட்டுக் கிளம்பும் நகர்வுகள், அவ்வளவுதான். ஓரச் சிப்பாயை நகர்த்தினால் யாரும் எங்கும் கிளம்பவில்லை. ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டதாக அர்த்தம்.

மீதியை எழுத இப்போது நேரமில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை


பிப்ரவரி 5

அன்புள்ள குருவிக்கு,

கடிதம் வந்தது. நலம். முழங்கால் ஒத்தடத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

உன் முறையைப் பின்பற்றினேன். அச்சகத்தில் பிழை திருத்தும்போது நாங்களும் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துத்தான் படிப்போம். ஆனால் ஒரு வழக்கம், கடைசி வரியிலிருந்து தொடங்கி மேலே வருவோம். பொருள் புரிந்தால் பிழை கண்ணில் படாது. அந்தப் பழக்கத்தில் முதல் வாரம் உன் ஆட்டத்தையும் கீழிருந்து மேலே படித்துவிட்டேன். அப்படிப் பார்த்தால் நீ வென்ற நிலையிலிருந்து படிப்படியாக எல்லாக் காய்களையும் மரியாதையாக வீட்டுக்குக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்தியிருக்கிறாய். மிகப் பண்பான ஆட்டம்.

இப்போது நேராகப் படிக்கிறேன். இரண்டு சங்கதி. ஒன்பதாவது நகர்வில் நீயும் ஓரச் சிப்பாயை நகர்த்தியிருக்கிறாய்! டாக்டரிடம் காட்டலாமா என்று யோசிக்கிறேன். இரண்டு: பதினோராவது நகர்வில் ஒரு பிழை இருந்தது. இரண்டாவது குதிரை பத்தாவது நகர்வில்தான் வெளியே வருகிறது, உடனே அடுத்த நகர்வில் முதல் வரிசைக்கே திரும்பிப் போவதாக எழுதியிருக்கிறாய். வந்த குதிரை எதற்காகத் திரும்ப வேண்டும்? அவசரத்தில் கட்டத்தை மாற்றி எழுதிவிட்டாய் என்று தெளிவாகத் தெரிந்தது. குதிரையை நடுப்பக்கமாகப் போகும்படி பென்சிலால் திருத்திவிட்டேன். முப்பது வருட அனுபவம், கையே தானாகப் போகும்.

ஞாயிறன்று எனக்கு வெள்ளைக் காய். டாக்டரும் ஏறக்குறைய அதே நகர்வுகளையே ஆடினார். பத்து நகர்வு வரை வாயே திறக்கவில்லை. பதினொன்றில் திருத்திய குதிரையை வைத்தேன். அவர் ஒரு சிப்பாயைத் தள்ளினார். குதிரை ஓட இடம் தேடியது. அதைத் துரத்திக்கொண்டே மந்திரியையும் மூலையில் அடைத்தார். "கூச்சமா இருந்தா சொல்லுங்க" என்றார்.

அந்தப் போட்டி நடந்த மண்டபம் நினைவிருக்கிறதா? நாற்பது மேசை, நாற்பது கடிகாரம், எல்லாம் சேர்ந்து அடிப்பது தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் இருக்கும். விடுதி அறையில் இரும்புக் கட்டில். நீ கால் நீட்டினால் கம்பி கிறீச்சிடும். நம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஆடிய ஆட்டங்கள்கூட இப்போது நினைவுக்கு வருகின்றன. கவிழ்த்த வாளியின் மேல் நீ, அரிசிப் பெட்டியின் மேல் நான், தொலைந்துபோன கறுப்புக் குதிரைக்குப் பதிலாக ஒரு நூல்கண்டு. அந்த நூல்கண்டால் என்னை எத்தனை முறை தோற்கடித்திருப்பாய்!

இழுப்பறையில் மூன்று சுற்றுகளின் தாள்கள் மட்டும் இருக்கின்றன. நான்காவது தாள் இல்லை. இருக்காது. இங்கு நல்ல மழை.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

உன் அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

அனைவரும் நலம், அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். இவர் எட்டிப்பார்த்து, "என்ன, எனக்குத் தெரியாம நல்ல சேதியா?" என்று கேட்டார். "எங்கண்ணன் என் ஆட்டத்தைத் திருத்தியிருக்கார்" என்றேன். "இப்பவுமா?" என்றார்.

அது பிழை இல்லை. குதிரை திரும்பத்தான் வேண்டும். ஏழாவது நகர்வில் யானை ராஜாவின் பக்கத்திலிருந்து நகர்ந்து நடுவுக்கு வந்ததைக் கவனித்தீர்களா? அதனால் அங்கே ஒரு கட்டம் காலி. குதிரை அந்தக் காலிக் கட்டத்துக்குப் பின்வாங்கி, அங்கிருந்து அடுத்த தாவலில் எதிரி ராஜா இருக்கும் பக்கத்துக்குப் போகிறது. பன்னிரண்டாவது நகர்வைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். போகிற வழியில் தன் முதுகுக்குப் பின்னால் அடைந்து கிடந்த மந்திரிக்கும் வழி விடுகிறது. பார்ப்பவர்களுக்குத்தான் பின்வாங்கியதுபோல் இருக்கும்.

ஒன்பதாவது நகர்வின் ஓரச் சிப்பாயை டாக்டரிடம் காட்ட வேண்டாம். எதிரியின் மந்திரி வந்து என் குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டிவிடாமல் இருக்க அந்த நகர்வு. மழை வரும்போது குடை விரிப்பதும், நீங்கள் செய்வதுபோல் படுக்கையில் குடை விரிப்பதும் ஒன்றல்ல.

வாளி நினைவிருக்கிறது. அதன் விளிம்பு பாவாடையில் துருவட்டம் போட்டுவிடும், அம்மா திட்டுவாள். அந்த மண்டபத்தில் ஜன்னலோர மேசையில் வெயில் விழும், ராணியின் நிழல் நாலு கட்டத்துக்கு நீளும். அது நினைவிருக்கிறது.

நான்காவது தாள் பற்றி எழுதியிருந்தீர்கள். இங்கும் மழைதான்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


மார்ச் 10

அன்புள்ள குருவிக்கு,

நலம், நலம் அறிய ஆவல். இந்த முறை வெறும் சடங்குக்கு எழுதவில்லை, உண்மையிலேயே ஆவல்.

திருத்தத்தைத் திருத்திவிட்டேன். குதிரை பின்வாங்கியது. டாக்டர் முகத்தில் மகிழ்ச்சி. "என்ன சார், பழைய வீட்டு ஞாபகமா?" என்றார். அடுத்த நகர்வில் அது அவர் ராஜா இருக்கும் பக்கத்தில் போய் நின்றதும் முனகலை நிறுத்திவிட்டார். அவர் யோசிக்கும்போது ஏதோ பாட்டை முனகுவார். அது நின்று நான் கேட்டதே இல்லை. பன்னிரண்டாவது நகர்வுவரை நான் மேலே இருந்தேன் என்று பின்னறையில் இருந்த மூவரும் ஒப்புக்கொண்டார்கள். பதின்மூன்றிலிருந்து என் சொந்தச் சரக்கு. முப்பதில் தோற்றேன். இருந்தாலும் வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம், "இன்னிக்குப் பன்னண்டு வரைக்கும் ஜெயிச்சேன்" என்றேன். "பஸ் கூட பாதி வழி வரைக்கும் நல்லாத்தான் போகுது" என்றாள்.

இப்போது முக்கியமான செய்தி. செப்டம்பரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு போட்டி நடக்கிறது. ஏழு சுற்று. எங்கே தெரியுமா? அதே ஊர், அதே பள்ளிக்கூடம், அதே மண்டபம். அறிவிப்பை எங்கள் அச்சகத்தில்தான் அடித்தோம். பிழை பார்க்கும்போது ஊர்ப் பெயரை மூன்று தடவை படித்தேன். பிழை இல்லை. நானும் டாக்டரும் பெயர் கொடுத்துவிட்டோம். உனக்கும் ஒரு படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு ஐம்பத்தொன்று, எனக்கு ஐம்பத்துநான்கு. இருவருமே தாராளமாகத் தகுதி பெறுகிறோம்.

வா. ஏழு சுற்றும் ஆடலாம்.

உன் அண்ணன்


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தபால் அட்டையில் எழுதுகிறேன், நேரமில்லை.

ஆட்டம் மறந்துவிட்டது. என்னால் வர இயலாது. நீங்கள் நன்றாக ஆட வாழ்த்துகிறேன். படிவத்தைத் திருப்பி அனுப்ப அட்டையில் இடமில்லை.

தங்கை


ஏப்ரல் 26

அன்புள்ள குருவிக்கு,

நாங்கள் நலம். இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வழியில் தொலைந்தால் இரண்டாம் முறை எழுதும் தைரியம் வராது.

பன்னிரண்டாவது நகர்வுவரை விளக்கம் எழுதிய ஒருத்திக்கு ஆட்டம் மறந்துவிட்டது என்பதை நான் நம்பவில்லை. நீ வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நான் நேராகச் சொல்லாமல் மழையைப் பற்றி எழுதினேன். நீயும் மழையைப் பற்றி எழுதினாய்.

அந்தத் தந்தியை அனுப்பியது நான்தான்.

"அப்பாவுக்கு உடல்நலமில்லை, இருவரும் உடனே புறப்படவும்." எதிர்வீட்டுக்காரர் பெயரைப் போட்டேன். மூன்றாவது சுற்று முடிந்த மாலை, விடுதிக்குப் பின்னால் இருந்த தபால் அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் முகவரியைப் பார்த்துவிட்டு, "இதே ஊரா? இங்கேருந்து நாலு நிமிஷ நடை. நீங்களே போய்ச் சொல்லிடலாமே" என்றார். "சொல்ல முடியாதுங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அவ்வளவு நியாயமான அறிவுரையை எனக்கு அதற்குப் பிறகு யாரும் சொன்னதில்லை.

காரணம் என்று ஒன்று இருந்தது. எழுதினால் சின்னதாகத்தான் இருக்கும். நான் மூன்று சுற்றிலும் தோற்றிருந்தேன், மூன்றிலும் ஓரச் சிப்பாயோடு. நீ மூன்றையும் வென்றிருந்தாய். சாப்பாட்டு வரிசையில் யாரோ ஒருவர், "தம்பி யாரு?" என்று கேட்க, பின்னாலிருந்து இன்னொருவர், "இவரா? குருவியோட அண்ணன்" என்றார். அன்று வரையில் ஊரில் நீதான் என் தங்கை. வேறொன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான்.

மறுநாள் எட்டு மணி நேரப் பேருந்து. வீட்டு வாசலில் அப்பா சைக்கிள் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கென்ன கேடு?" என்றார். பிறகு தந்தியைப் படித்துவிட்டு, "பொண்ணு வெளியூர்ல இருக்கறப்ப எவனோ இப்படி விளையாடறான். இனிமே வெளியூரே வேண்டாம்" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீ அதற்குப் பிறகு பலகையைத் தொடவில்லை. நான் ஞாயிறுதோறும் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

உன் ஆட்டத்தைப் படித்தது தொடக்கத்தைக் கற்கத்தான். அது பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேட்கச் சொன்னாய். கேட்டுக்கொண்டே போனால் தாள் முடிந்த இடத்தில் இந்தக் கேள்விதான் இருக்கிறது.

நீ வர வேண்டும். என்மேல் உள்ள கோபத்தோடே வா.

உன் அண்ணன்


ஜூன் 20

அன்புள்ள குருவிக்கு,

நாங்கள் நலம். ஒப்புகை அட்டை மே முதல் வாரமே வந்துவிட்டது. கையெழுத்து உன்னுடையது, கடைசி எழுத்தின் வால் இன்னும் அப்படியே வளைகிறது.

பதில் கேட்டு இதை எழுதவில்லை. டாக்டர் பல் செட் மாற்றியிருக்கிறார், முனகல் ஒரு சுருதி ஏறிவிட்டது. உன் அண்ணிக்குக் கண்ணாடி மாற்றினோம். முதல் நாள் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "பழைய கண்ணாடியே இருந்திருக்கலாம்" என்றாள். உன் தாளை மறுபடி இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை நலமா?

அண்ணன்


ஜூலை 9

அண்ணனுக்கு,

அனைவரும் நலம். அண்ணிக்குப் புதுக் கண்ணாடி பழகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

என் வேலையைப் பற்றி நீங்கள் எப்போதும் விளையாட்டாகத்தான் கேட்பீர்கள். இன்று கொஞ்சம் சொல்கிறேன். ஒருவரைச் சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, ஒலி கேட்டால் கையைத் தூக்குங்கள் என்போம். ஒலியே இல்லாதபோது கை தூக்குபவர்கள் உண்டு. நல்ல பெயர் வாங்கும் ஆசை. கேட்டும் தூக்காதவர்களும் உண்டு. அவர்களை அவசரப்படுத்தக் கூடாது. ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் காத்திருக்க வேண்டும். நான் உங்களுக்காக முப்பத்துநான்கு வருடம் அப்படிப் பொறுமையாகக் காத்திருந்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். இரண்டு மாதமாக அப்படித்தான் எழுதி எழுதிக் கிழித்தேன்.

தந்தியை நீங்கள் அனுப்பியது எனக்கு அன்றே தெரியும். பேருந்து நிலையத்தில் நீங்கள் டிக்கெட் வாங்கப் போனீர்கள். தாள் என் கையில் இருந்தது. அது எந்த அலுவலகத்திலிருந்து புறப்பட்டது என்று மேலே அச்சாகியிருக்கும். நம் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஊர்ப் பெயரே இருந்தது. பிழை திருத்துகிற வேலைக்கு நீங்கள் போனது அதற்கு அடுத்த வருடம்தானே.

பேருந்து கிளம்ப இருபத்தைந்து நிமிடம் இருந்தது. மண்டபம் பத்து நிமிட நடை. நான்காவது சுற்று தொடங்க ஒரு மணி நேரம். நான் இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். "ஏன்டா இப்படிப் பண்ணே?" என்று உங்களைக் கேட்டிருக்கலாம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு டீ வேணும், வாங்கிட்டு வா" என்றேன். நீங்கள் வாங்கி வந்தீர்கள். குடித்தேன்.

நான்காவது சுற்றில் என் எதிரே உட்கார வேண்டியவர் முந்தைய ஆண்டு முதலிடம் பெற்றவர். அவர் ஆடுவதை அதற்கு முந்தைய நாள் பின்னால் நின்று பார்த்திருந்தேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் தந்தி வந்தபோது, அப்பாவுக்கு என்ன என்று பதறுவதற்கு முன்னால், ஒரே ஒரு நிமிடம், "அப்பாடா" என்று இருந்தது. அந்த நிமிடத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. பேருந்து நிலையத்தில் தந்தியில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அதை வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் உங்கள் பெயரில் எழுதிவிட்டேன். கேட்டிருந்தால் நீங்கள் ஆமாம் என்று சொல்லிவிடுவீர்கள், அழுதும் விடுவீர்கள். பிறகு என் பங்கை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால்தான் கேட்கவில்லை. அப்பா வெளியூர் வேண்டாம் என்றபோது நான் சண்டை போடாததும் அதனால்தான். என் பெண்பிள்ளைத்தனம், அடக்கம் என்று ஊரில் பெயர் வாங்கியதெல்லாம் இதுதான்.

படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டேன்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. நீங்கள் வரக் கூடாது. போட்டியிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடுங்கள். பார்க்கவும் வர வேண்டாம். நீங்கள் மண்டபத்தில் இருந்தால் நான் நடுவில் எழுந்து போக யார்மீதாவது பழி போட வசதியாக இருக்கும். ஆறு மாதமாகப் பாடுபட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்பது தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

மூன்றாவது சுற்றின் தாளை அனுப்பிவைக்கவும். பென்சில் திருத்தத்தை அழிக்க வேண்டாம்.

குருவி


ஜூலை 16

அன்புள்ள குருவிக்கு,

நலம். தாள் இத்துடன் இருக்கிறது. பென்சில் அப்படியே இருக்கிறது.

பெயரை எடுத்துவிட்டேன். டாக்டருக்குத்தான் வருத்தம். "என்ன சார், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அப்பாவுக்கு என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது, அந்த மனிதரை இன்னொரு முறை தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன். "என் தங்கச்சி ஆடறா" என்றேன். "அதுக்கு நீங்க ஏன் விலகணும்?" என்றார். இதற்கு அவர் நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்தாலும் பதில் வராது.

உன் அண்ணி மட்டும், "வருஷம் பொறந்ததிலிருந்து வீட்ல குதிரைப் பேச்சுதான். கடைசியில போகலையா?" என்றாள். "இல்லை" என்றேன். தட்டை எடுத்து வைத்துவிட்டு, "நல்ல வேலை பண்ணீங்க" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. நம் வீட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை போலிருக்கிறது.

நீ "அப்பாடா" என்று நினைத்தாய் என்பதால் நான் செய்தது குறைந்துவிடாது. அதை உன் கடிதத்தில் திருத்தமாக எழுதலாமா என்று கை போயிற்று. நிறுத்திக்கொண்டேன்.

விடுதியில் தங்காதே, முதுகுக்கு ஆகாது. மண்டபத்துக்கு எதிரே நல்ல அறைகள் இருக்கின்றனவாம். ஸ்வெட்டர் எடுத்துப் போ.

உன் அண்ணன்


செப்டம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்றுத்தான் ஊர் திரும்பினேன். நான் நலம், உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணிக்கு என் அன்பைச் சொல். இவர் ஒரு வாரம் தனியாகச் சமைத்ததில் இரண்டு பாத்திரங்கள் பணி ஓய்வு பெற்றன.

மண்டபத்தில் மின்விசிறிகள் மாற்றியிருக்கிறார்கள். கடிகாரங்கள் இப்போது சத்தம் போடுவதில்லை. சிவப்பு எண்கள் ஓடுகின்றன. நீ சொன்ன தூறல் இல்லை. ஜன்னலோர மேசை இருக்கிறது, வெயிலும் விழுகிறது. நாங்கள் நூற்றுப் பத்துப் பேர். மொத்தம் எத்தனை மூட்டுவலி என்று நடுவர் எண்ணிக்கொண்டே வந்தார். தபால் அலுவலகம் இருந்த இடத்தில் செருப்புக் கடை.

முதல் சுற்று சமன். இரண்டாவதில் வென்றேன். மூன்றாவதில் கறுப்புக் காய். எதிரே இருந்தவர் ஓரச் சிப்பாயை நகர்த்தித் தொடங்கினார். ஐந்து நிமிடம் என்னால் எதிர் நகர்வு செய்ய முடியவில்லை. அவர் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்தார். வென்றேன். ஐந்தாவது வெற்றி, அதில் குதிரை பதினொன்றில் பின்வாங்கியது. ஆறாவது சமன், ஏழாவது வெற்றி. பத்தொன்பதாவது இடம். உன் டாக்டர் முப்பத்திரண்டாவது இடம். சாப்பாட்டு வரிசையில் என்னைக் கண்டுபிடித்து வந்து, "நீங்கதானே பிழை திருத்தறவரோட தங்கச்சி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்த மாதம் நீயும் அண்ணியும் இங்கே வந்து பத்து நாள் இருங்கள். பலகை ஒன்று வாங்கியிருக்கிறேன். எல்லாக் காய்களும் இருக்கின்றன.

குருவி

பி.கு.: நான்காவது சுற்று மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. எதிரே ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர். முப்பத்தெட்டாவது நகர்வில் தோற்றேன்.